சாய்ந்தமருது ஸுஹைறாவும் தண்ணி பிடிக்காத பம்பும்

கிழக்கிலங்கையின் சாய்ந்தமருதில் கடலைப் பார்த்து இறங்கும் வீதி ஒன்றில், ஆளுயர மதிலுக்கு மேல் தகரம் அடித்து இன்னும் உயர்த்திய வளவு ஒன்று இருக்கிறது. அது ஸுஹைறாவின் வீடு. ஸுஹைறா தையல்காரி. கல்முனையிலிருந்து காரைதீவு வரைக்கும் பெண்கள் அவளிடம் உடுப்புத் தைக்கக் கொடுக்கிறார்கள். ஆனாலும் அந்த வீதியில் வந்து, "தையல்கார ஸுஹைறா வீடு எது?" என்று கேட்டால் ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். "தொட்டி வீடு எது?" என்று கேட்டால் போதும், யோசிக்காமல் கையைக் காட்டுவார்கள்.

ஊர் தொட்டி என்று சொல்வது நீச்சல் தடாகத்தை. அதைக் கட்டியவன் அவளுடைய புருஷன் றுமைஸ். "தொட்டி இல்ல, தடாகம்" என்று அவனும் எத்தனையோ பேரைத் திருத்திப் பார்த்தான். ஊர் திருந்தவில்லை.

றுமைஸ் கட்டாரில் ஒரு பெரிய ஹோட்டலில் சமையல்காரன். அவன் வெங்காயம் நறுக்கும் மேசைக்கு நேரே ஒரு கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நீலநீலமாகத் தண்ணீர் நிறைந்த தடாகம். வேலையாட்கள் அதில் கால் நனைக்கவும் கூடாது என்பது அங்கே சட்டம். வருஷக்கணக்காக அதைப் பார்த்துக்கொண்டே வெங்காயம் நறுக்கியவன், ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்த கையோடு பின் வளவில் மாமரத்துக்குப் பக்கத்தில் நாலு கம்பை நட்டுக் கயிறு கட்டினான்.

"இதென்ன, கிணறு தோண்டப் போறீங்களா?" என்று ஸுஹைறா கேட்டாள்.

"தடாகம்" என்றான் அவன்.

பகிடி விடுகிறான் என்று நினைத்து அவள் சிரித்துவிட்டுத் தையலுக்குத் திரும்பிவிட்டாள். மறுநாள் காலையில் மேசன்மார் மண்வெட்டியோடு வந்து நின்றபோதுதான் அது பகிடி இல்லை என்று தெரிந்தது.

வீதி முழுக்கச் சிரித்தது. வாசலில் நின்று காது கொடுத்தால் அலைச் சத்தம் கேட்கிற வீட்டில் தண்ணீருக்குத் தொட்டி கட்டுகிறானே என்று மீன்காரர் கூடச் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கடல் ஆம்பிளைகளின் கடல் என்பதை அப்போது யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. பின்னேரத்தில் வாலிபர்கள் பந்தடித்துவிட்டு அப்படியே அலைக்குள் பாய்வார்கள். பெண்கள் பெருநாளைக்குப் போனால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஈர மணலில் நிற்பார்கள். அதோடு சரி.

கடற்கரை மண்ணில் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று வந்துவிடும். அதனால் தடாகத்தின் பாதி நிலத்துக்குள்ளும் பாதி நிலத்துக்கு மேலுமாக எழும்பியது. மாரியில் வளவுக்குள் வெள்ளம் ஏறுமே என்று, பம்பை இன்னும் உயரத்தில் ஒரு சீமெந்து மேடை கட்டி அதன்மேல் வைத்தான் றுமைஸ். பின்னால் வந்த கூத்து எல்லாவற்றுக்கும் அந்த மேடைதான் காரணம்.

பம்பின் வயிற்றில் தண்ணீர் நிறைந்திருந்தால்தான் அது கீழேயிருந்து தண்ணீரை இழுக்கும். உயரத்தில் இருக்கிற பம்பை நிறுத்தினால் வயிற்றில் இருந்த தண்ணீர் பைப் வழியே தடாகத்துக்கு இறங்கிவிடும். அந்த இடத்தில் காற்று வந்து குந்திக்கொள்ளும். பிறகு சுவிட்சைப் போட்டால் காற்றைச் சுற்றிக்கொண்டு சும்மா உறுமும். ஆகவே ஒவ்வொரு முறையும் பம்பின் மூடியைக் கழற்றி, உள்ளேயிருக்கும் கூடையில் சிக்கிய மா இலையை அள்ளிப் போட்டு, வாளித் தண்ணீரை வாய்வரைக்கும் ஊற்றி, மூடியை இறுக்கி, மண் பில்டரின் தலையில் இருக்கும் காற்றுக் குழாயைத் திறந்துவிட்டு, அதன் பிறகு சுவிட்சைப் போட வேண்டும். றுமைஸ் இதைப் பள்ளிவாசலுக்குத் தொழப் போகிறவன் மாதிரிக் கைகால் கழுவி, பிஸ்மி சொல்லிச் செய்வான். "ஒருத்தரும் கிட்ட வரக்கூடா" என்பான். பம்ப் தண்ணீரைப் பிடித்து இழுக்கத் தொடங்கியதும் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு தடாகத்தில் இறங்கி, கழுத்துவரைத் தண்ணீரில் நின்று தேத்தண்ணி கேட்பான்.

இந்தச் சுகம் நெடுங்காலம் நீடிக்கவில்லை. ஹோட்டல்காரர் திரும்பக் கூப்பிட்டார்கள். மகன் றிம்சானும் கொழும்பில் வேலைக்குப் போய்விட்டிருந்தான். றுமைஸ் வேனில் ஏறும்போது, எல்லாருக்கும் ஸலாம் சொல்லி முடித்துவிட்டு, ஸுஹைறாவின் பக்கம் குனிந்தான்.

"பம்ப ஒன்ட கையில தந்திட்டுப் போறன்."

"என்னைய ஆர்ர கையில தந்திட்டுப் போறீங்க?" என்றாள் அவள். வேனில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்போடு வேன் புறப்பட்டுவிட்டது.

ஸுஹைறா பம்பின் பக்கமே போகவில்லை. தண்ணீர் முதலில் பச்சையானது, பிறகு கடும் பச்சையானது. தவளைகள் எங்கிருந்தோ குடும்பத்தோடு வந்து சேர்ந்தன. இரண்டு லோட் மண்ணைக் கொட்டி மூடிவிட்டுக் கீரைப் பாத்தி போட்டால் என்ன என்று ஒருநாள் வட்ஸ்அப்பில் புருஷனிடம் கேட்டாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"இரிக்கிறீங்களா?"

"ஓம், இரிக்கன். செய், ஒன்ட விருப்பம்."

அந்த 'விருப்பம்' அவ்வளவு மெல்லிய குரலில் வந்தது. அவளால் அதற்கு மேல் பிடிவாதம் பிடிக்க முடியவில்லை. "சரி, சரி. அந்தப் பம்புக்கு என்னதான் செய்யோணும் எண்டு சொல்லித் தொலைங்க."

அன்று பின்னேரம் போனை மாமரத்துக் கொப்பில் சாய்த்து வைத்துவிட்டு அவள் முதன்முதலாகப் பம்பின் மூடியைக் கழற்றினாள். கட்டாரில் றுமைஸ் சமையலறைத் தொப்பியோடு நின்று கைகாட்டிப் பாடம் நடத்தினான். முக்கியமான இடத்தில் படம் உறைந்துவிடும். வாயைத் திறந்தபடி, கரண்டியைத் தூக்கியபடி அசையாமல் நிற்பான். "திறக்கவா, மூடவா?" என்று இவள் கத்துவாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் உயிர் பெற்று, "வெளங்கிச்சா?" என்று கேட்பான்.

"என்ன வெளங்கிச்சா? நீங்க சிலை மாதிரி நிண்டீங்க!"

வாளி வாளியாக ஊற்றினாள். மூடியை இறுக்க மறந்தாள். இறுக்கியபோது பைப்பின் வால்வைத் திறக்க மறந்தாள். கடைசியில் எல்லாம் சரியாகச் செய்து சுவிட்சைப் போட்டபோது பம்ப் தொண்டைக்குள் தண்ணீரை வைத்துக் கொப்பளிப்பது போலக் கரகரத்தது. காற்றுக் குழாய் சீறியது. என்ன நடக்கிறது என்று பார்க்க அவள் அதன்மேல் முகத்தைக் கொண்டுபோன நேரம் பார்த்து, குளிர்ந்த பச்சைத் தண்ணீர் பாய்ந்து வந்து முகத்தில் அடித்தது. கரகரப்பு நின்று, பம்ப் ஒரே சீராக முனகத் தொடங்கியது.

"தண்ணி பிடிச்சிட்டு! ஸுஹைறா, பிடிச்சிட்டு!" என்று போனுக்குள் றுமைஸ் குதித்தான். ஸுஹைறா முகத்தைத் துடைக்கவும் மறந்து அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றாள். நூல் அறாமல் மெஷின் ஓடும்போது காதுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அதன் பிறகு அந்த வேலை அவளுடையதாயிற்று. தவளைகள் வீடு மாறின. அடியில் பதித்த வெள்ளை மாபிள் கல் தெரியத் தொடங்கியது. ஆனால் அதில் இறங்க அவளுக்குத் துணிவு வரவில்லை. கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவள், நாற்பது வயது தாண்டியும் முழங்காலுக்கு மேல் ஆழமான தண்ணீரில் நின்றதில்லை.

அப்படியான நேரத்தில்தான் கேதீஸ்வரி டீச்சர் சட்டை வாங்க வந்தார். காரைதீவுக்காரர், பெண்கள் பாடசாலை ஒன்றில் விளையாட்டு ஆசிரியை. தங்கச்சி மகளின் கலியாணத்துக்குத் தைக்கக் கொடுத்த சட்டை. கையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர் காதைத் தீட்டினார்.

"பின்னுக்கு என்ன புள்ள இரையுது? மில்லா?"

"இல்ல டீச்சர், தொட்டிப் பம்ப்."

கேதீஸ்வரி பின் வளவுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஸுஹைறா போய்ப் பார்த்தபோது அவர் ஒரு கை புதுச் சட்டையிலும் மறு கை பழைய சட்டையிலுமாகத் தடாகத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இதுக்குள்ள ஆர் நீந்துற?"

"முந்தித் தவளை நீந்திச்சு. இப்ப ஒருத்தரும் இல்ல."

"நான் மட்டக்களப்பு வாவிக்குள்ள நீந்திப் பழகினவள் புள்ள. கலியாணம் முடிச்சுக் காரைதீவுக்கு வந்த பிறகு ஒரு நாள் நீந்தினதில்ல. எங்க போய் நீந்துற? ஊரே பாத்துக்கொண்டு நிக்கும்." அவர் மதிலை அண்ணாந்து பார்த்தார். "இந்த மதிலுக்கு மேல ஆரும் எட்டிப் பாப்பாங்களா?"

"ஏணி வச்சாத்தான்."

"தகரம் அடிச்சா?"

அடுத்த கிழமையே தகரம் அடிக்கப்பட்டது. சனிக்கிழமை பின்னேரங்களில் கேற்றைப் பூட்டிவிட்டு, கேதீஸ்வரி ஸுஹைறாவுக்கு நீச்சல் பழக்கினார். உடுப்பு ஸுஹைறாவின் பொறுப்பு. நீளச் சட்டையும் காற்சட்டையுமாக அவள் முதலில் தைத்த உடுப்பு, தண்ணீரில் இறங்கியதும் காற்றை நிரப்பிக்கொண்டு பந்தலாக மேலே கிளம்பிவிட்டது. கழுத்தைச் சுற்றி மிதக்கும் துணிக்கு நடுவில் அவளுடைய தலை மட்டும் தெரிந்தது. கேதீஸ்வரி சிரித்த சிரிப்பில் தண்ணீர் குடித்துப் புரைக்கேறி, பழக்க வந்தவரையே படியில் இருத்தி முதுகில் தட்ட வேண்டியிருந்தது. பிறகு பாரமான துணி எடுத்து, விளிம்பில் இலாஸ்டிக் வைத்து, இடுப்பில் ஒரு பட்டியும் தைத்தாள். அது நன்றாக அமைந்தது. அதைப் பார்த்த பெண்கள் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். உடுப்புத் தைத்தவர்கள் தண்ணீருக்கும் வந்தார்கள். சனிக்கிழமைகளில் தடாகம் கலகலத்தது.

எல்லாரிலும் பெரிய சத்தம் சபியா உம்மாவுடையது. பக்கத்து வளவில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். வீதியின் அந்த முனையில் நிற்கிறவரோடு இந்த முனையிலிருந்து சாதாரணமாகக் கதைப்பார். சும்மா பார்க்க வந்தேன் என்று வெற்றிலையோடு வந்து மாமரத்தின் கீழ் உட்கார்ந்து, நீந்துகிறவர்களை விமர்சிப்பார். "எலா றஸ்னா, மாவு பிசையிற மாதிரித் தண்ணிய அடிக்காத!" என்பார். ஆனால் தடாகத்துக்குக் கிட்டப் போகமாட்டார். சுனாமியில் அவரைத் தண்ணீர் வீட்டுக்குள்ளிருந்து தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிவாசல் மதிலில் போட்டது. அதற்குப் பிறகு அவர் கடற்கரைப் பக்கம் போனதில்லை.

மரத்தடியிலிருந்து படிக்கட்டுக்கு வர அவருக்குச் சில மாதங்கள் ஆயின. படிக்கட்டில் உட்கார்ந்து காலை நனைக்க இன்னும் சில வாரங்கள். ஒருநாள் காலை ஆட்டிக்கொண்டிருந்தவர், தண்ணீருக்குள் குனிந்து பார்த்தபடி சொன்னார்:

"அண்டைக்கு வந்த தண்ணி கறுப்புக் கா. அடி தெரியல்ல. எங்க நிலம், எங்க வானம் எண்டு ஒண்டும் தெரியல்ல. இதுல அடி தெரியுது." பிறகு வழக்கமான குரலில், "ஸுஹைறா, எனக்கும் ஒரு உடுப்புத் தை. வாற சனிக்கிழமை நானும் எறங்குறன்" என்றார்.

நீந்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

"ஆனா ஒண்டு" என்று சபியா உம்மா விரலை உயர்த்தினார். "அடி தெரியோணும். அடி தெரியாத தண்ணிக்குள்ள நான் எறங்க மாட்டன்."

அந்தக் கிழமையா பம்ப் மக்கர் பண்ண வேண்டும்?

ஸுஹைறா வழக்கம்போல வாளியால் ஊற்றினாள், மூடியை இறுக்கினாள், சுவிட்சைப் போட்டாள். பம்ப் கரகரத்தது. தண்ணீர் கொஞ்சம் ஏறியது. மூடியின் கண்ணாடி வழியே பார்த்தால் குமிழ் குமிழாகக் காற்று. ஏறிய தண்ணீர் கீழே இறங்கிவிட்டது. மறுபடி ஊற்றினாள். மறுபடி இறங்கியது. நாளுக்கு நாள் தண்ணீர் மங்கியது. வியாழக்கிழமை கீழ்ப் படி கண்ணுக்கு மறைந்துவிட்டது.

மின்சார வேலை செய்யும் முபீன் வந்து மோட்டரைக் கழற்றிப் பூட்டிப் பார்த்தான். "மோட்டர் நல்லா இரிக்கி ராத்தா. தண்ணிதான் வருதில்ல."

"அது எனக்கும் தெரியும் தம்பி" என்றாள் ஸுஹைறா.

வரிப்பத்தான்சேனையில் ஒரு அரிசி ஆலை நின்றுபோய்விட்டது, திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன் என்று அவன் போய்விட்டான். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சபியா உம்மா கூப்பிட்டுக் கேட்டார்: "என்ட உடுப்புத் தச்சு முடிஞ்சா கா?" "முடிஞ்சிச்சு சபியாத்தா" என்றாள் இவள். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்தச் சனிக்கிழமை தவறினால் சபியா உம்மா திரும்ப மரத்தடிக்கே போய்விடுவார் என்று அவளுக்குப் பட்டது.

வெள்ளிக்கிழமை ஆம்பிளைகள் ஜும்மாத் தொழுகைக்குப் போய் வீதி அடங்கிய நேரம். கேதீஸ்வரி காரைதீவிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். இருவரும் பம்பின் இரு பக்கமும் குந்தினார்கள். ஸுஹைறா றுமைஸுக்குப் போன் எடுத்தாள். அங்கே அவனுக்கு அப்போதுதான் மதியச் சமையல் கொதித்துக்கொண்டிருந்தது.

"மூடி ரப்பர் காய்ஞ்சிரிக்கும். வஸலின் பூசு."

"பூசிட்டன்."

"இன்னும் பூசு."

"மூடி வழுக்கி என்ட கையிலயே நிக்குதில்ல, இன்னும் பூசச் சொல்றீங்களா? மூடியில ஒண்டும் இல்ல, றிம்சான்ட வாப்பா. வேற எங்கயோ காத்துப் போகுது."

"அப்ப பைப்ப முழுக்க உடைக்கோணும். நான் வந்த பொறகு பாப்பம்." பின்னால் யாரோ அவனை அதட்டும் குரல் கேட்டது. அழைப்பு நின்றது.

அவன் வருவதென்றால் அடுத்த வருஷம். ஸுஹைறா போனைச் சீமெந்து மேடையில் வைத்துவிட்டு, கையை இடுப்பில் ஊன்றிப் பம்பை முறைத்துப் பார்த்தாள்.

"புள்ள" என்றார் கேதீஸ்வரி, "பள்ளிக்கூடத்துல பந்து காத்துப் போனா நாங்க சவர்க்காரத் தண்ணி போட்டுப் பாப்பம். ஓட்டை இருக்கிற இடத்துல குமிழ் வரும்."

ஸுஹைறா குசினிக்கு ஓடி, சவர்க்காரத்தைத் தேய்த்து ஒரு கோப்பை நிறைய நுரை அடித்துக்கொண்டு வந்தாள். தடாகத்திலிருந்து பம்புக்கு ஏறும் பைப்பின் பொருத்துக்கள் எல்லாவற்றிலும் தடவினார்கள். சுவிட்சைப் போட்டார்கள். மூக்கு பைப்பில் முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்கள். எங்கேயும் ஒரு குமிழும் இல்லை.

"பந்து வேற, பம்பு வேற போல" என்று கேதீஸ்வரி நெற்றியைத் துடைத்தார். நெற்றியெல்லாம் நுரை.

ஸுஹைறா நிமிரவில்லை. வால்வுக்குக் கிட்ட ஒரு பொருத்தில், தான் மொத்தமாக அப்பிய நுரை இப்போது மெலிந்திருப்பதைப் பார்த்தாள். திரும்ப அள்ளி வைத்தாள். வெண்மையாக எழும்பி நின்ற நுரையின் நடுவில் மெதுவாகக் கன்னக்குழி போல ஒரு பள்ளம் விழுந்தது. பள்ளம் ஆழமாகி, நுரை பைப்புக்குள் போய்விட்டது.

"டீச்சர்! இஞ்ச பாருங்க! நுரை உள்ளுக்குப் போகுது!"

"உள்ளுக்கா?"

"பந்துல காத்து வெளிய வரும். இது இழுக்கிற பைப்பெல்லோ? காத்து உள்ளுக்குத்தான் போகும்!"

மயிர் அளவு வெடிப்பு. விரலை வைத்து அழுத்தியதும் பம்பின் கரகரப்பு மாறியது. விரலை எடுத்ததும் பழையபடி கரகரத்தது. அழுத்தினாள், எடுத்தாள், அழுத்தினாள். சிறுபிள்ளை விசில் ஊதிப் பார்ப்பது போல இருவருக்கும் சிரிப்பாக இருந்தது. ஆனால் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு சனிக்கிழமை வரை இருக்க முடியாது. ஜும்மா நேரம், கல்முனையில் ஒரு ஹாட்வெயார் கடையும் திறந்திருக்காது.

ஸுஹைறா பம்பை நிறுத்தினாள். மகனின் பழைய சைக்கிள் கோடிப்புறத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. அதன் டியூபைக் கழற்றி எடுத்தாள். வெட்டுவதற்குக் கையில் கிடைத்தது தையல் கத்தரிக்கோல். துணியைத் தவிர ஒன்றையும், ஒரு கடதாசித் துண்டைக்கூட, அதால் வெட்ட அவள் யாரையும் விட்டதில்லை. மகன் ஒருதரம் சின்ன வயதில் பட்டத்துக்குப் பேப்பர் வெட்டி வாங்கிக் கட்டியது வீதிக்கே தெரியும். கேதீஸ்வரி அவள் முகத்தைப் பார்த்தார்.

"வேற கத்தி எடுக்கட்டா?"

"வேணாம்" என்று கண்ணை இறுக்கிக்கொண்டு டியூபை நீளவாட்டில் நறுக்கினாள் ஸுஹைறா.

ரப்பர் பட்டியை இழுத்து இழுத்து, முறிந்த கைக்குக் கட்டுப் போடுவது போலப் பொருத்தைச் சுற்றிச் சுற்றினாள். கேதீஸ்வரி நுனியை விடாமல் பிடித்துக்கொண்டார். அதன்மேல் நைலோன் நூலால் நெருக்கமாகக் கட்டினாள். பிறகு மூடியைத் திறந்து வாளித் தண்ணீரை விளிம்பு வழிய ஊற்றினாள். மூடினாள். காற்றுக் குழாயைத் திறந்தாள்.

"பிஸ்மில்லாஹ்" என்று சுவிட்சைப் போட்டாள். கேதீஸ்வரியின் உதடுகளும் எதையோ முணுமுணுத்தன.

பம்ப் கரகரத்தது. கண்ணாடிக்குள் குமிழ்கள் சுழன்றன. தண்ணீர் ஏறியது, கொஞ்சம் இறங்கியது, மறுபடி ஏறியது. காற்றுக் குழாய் சீறியது, தும்மியது. பிறகு தண்ணீர் கிளம்பி மா இலைகளில் தெறித்தது. கரகரப்பு அறுந்து, சீரான முனகல் வந்தது. ஸுஹைறா காற்றுக் குழாயை மூடியதும், பில்டரில் இருந்த அழுத்த மீட்டரின் முள் மெல்ல மேலே ஏறி நின்றது.

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக் கத்திக்கொண்டு சேற்றில் குதித்தார்கள். ஜும்மா முடிந்து அந்த வழியே வந்தவர்கள், "தொட்டி வீட்டுல ஏதும் ஆபத்தா?" என்று கேற்றைத் தட்டினார்கள்.

"ஒண்டும் இல்ல காக்கா, தண்ணி பிடிச்சிட்டு!" என்று உள்ளேயிருந்து அந்த அண்ணன்மாருக்குப் பதில் போனது.

பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. குளோரின் போட்டு, வலையால் அரித்து, பில்டரை இரண்டு தடவை கழுவினாள். சனிக்கிழமை காலையில் தண்ணீர் பாலில் தேத்தண்ணி விட்ட மாதிரி மங்கலாகத்தான் இருந்தது. மத்தியானம் படிகள் தெரிந்தன. பின்னேரம் பெண்கள் வரும் நேரத்துக்கு அடி மாபிளும் தெரிந்தது, மூலையில் கிடந்த ஒரு மா இலையும் தெரிந்தது.

சபியா உம்மா புது உடுப்பில் வந்தார். கரும்பச்சைத் துணி, இடுப்பில் பட்டி. தடாகத்தைச் சுற்றி ஒரு முழுச் சுற்று நடந்து அடியைப் பார்வையிட்டார். "அந்தா ஒரு எல கிடக்கு" என்றார்.

"எல தெரியுதெல்லோ சபியாத்தா? அப்ப அடியும் தெரியுது" என்றாள் ஸுஹைறா.

சபியா உம்மா இரண்டு கைகளையும் நீட்டினார். ஒரு கையை ஸுஹைறாவும் மறு கையைக் கேதீஸ்வரியும் பிடிக்க, படி படியாக இறங்கினார். முழங்கால். இடுப்பு. நெஞ்சுக்கு வந்ததும் அவருடைய விரல்கள் ஸுஹைறாவின் மணிக்கட்டில் ஆழமாகப் பதிந்தன. யாரும் அவசரப்படுத்தவில்லை. அவர் குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்தார். அவை தண்ணீருக்கு அடியில் வெள்ளை மாபிளில் தெளிவாகத் தெரிந்தன. ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார்.

"சரி. மெதக்க வையுங்க" என்றார்.

கேதீஸ்வரி அவருடைய முதுகுக்குக் கீழே கை கொடுத்தார். ஸுஹைறா தலையைத் தாங்கினாள். சபியா உம்மா கலிமாவைச் சொல்லிக்கொண்டே பின்னால் சாய்ந்தார். காதுகள் தண்ணீருக்குள் போனதும் அவருக்குத் தன் குரலே கேட்கவில்லை. அதனால் இன்னும் பலமாகக் கத்தினார்.

"புடிங்க! விட்டிராதீங்க! டீச்சர், கையை எடுத்திராதீங்க!"

கேதீஸ்வரி கைகளை மெல்ல எடுத்து, தண்ணீருக்கு மேலே உயர்த்தி எல்லாருக்கும் காட்டினார். ஸுஹைறாவும் எடுத்தாள்.

"புடிச்சிரிக்கீங்களா?"

"இல்ல அக்கா! ஒருத்தரும் புடிக்கல்ல!" என்றார் கேதீஸ்வரி.

"என்ன?"

ஸுஹைறா அவருடைய முகத்துக்கு நேரே வந்து தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். சபியா உம்மா அந்தக் கைகளைப் பார்த்தார். கேதீஸ்வரியின் கைகளைப் பார்த்தார். வாயைத் திறந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீதி பார்த்த முதல் அமைதி அது என்று பிறகு றஸ்னா சொன்னாள். கண்ணின் ஓரத்தால் வழிந்தது கண்ணீரா, தடாகத்துத் தண்ணீரா என்று யாரும் ஆராயவில்லை. அவர் மிதந்துகொண்டே மெல்லச் சுழன்று தடாகத்தின் சுவர் ஓரம்வரை போனார்.

அந்த நேரம் பார்த்து மேடையில் வைத்த போன் அடித்தது. றுமைஸ். ஸுஹைறா ஈரக் கையோடு எடுத்தாள்.

"என்ன செய்யிற? தண்ணி தெளிஞ்சிச்சா? போனத் திருப்பிக் காட்டு பாப்பம்."

"காட்ட ஏலா. பொம்பளையள் குளிக்கிறாங்க."

"அது நான் கட்டின தடாகம் கா!"

"கட்டினீங்கதான். இண்டைக்குச் சனிக்கிழமை." அவள் சிரித்துக்கொண்டே போனைப் பம்பின் பக்கம் திருப்பினாள். "இந்தா, இதப் பாருங்க."

மீட்டர் முள் அசையாமல் நின்றது. கண்ணாடி மூடிக்குள் ஒரு குமிழ் இல்லாமல் தண்ணீர் ஓடியது. றுமைஸ் சமையலறை ஜன்னலோரமாக ஒதுங்கி நின்று அதைப் பார்த்தான். பிறகு முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தான்.

"அந்தப் பைப்புல கறுப்பா என்னது?"

"றிம்சான்ட சைக்கிள் டியூப்."

"எதால வெட்டின?"

"அதக் கேக்காதீங்க" என்றாள் ஸுஹைறா.

பின்னால் தண்ணீரில் பலத்த சத்தம் கேட்டது. தடாகத்தின் சுவரில் கை தட்டியதும் சபியா உம்மா திடுக்கிட்டு நிமிர்ந்து, காலை நிலத்தில் ஊன்றி நின்றுவிட்டார். அவருடைய குரலும் அவரோடு திரும்பி வந்துவிட்டிருந்தது. தன்னைத் திரும்பவும் மிதக்க வைக்கும்படியும், இந்த முறை யாரும் கையே கொடுக்கக் கூடாதென்றும் அவர் கேதீஸ்வரிக்குக் கட்டளை போடுவது கட்டார் வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"ஆர் அது, சபியாத்தாவா? தண்ணிக்குள்ளயா?" என்றான் றுமைஸ்.

"ஓம். நீங்க வேலையப் பாருங்க. என்னைய அங்கால தேடுறாங்க" என்று சொல்லி, போனை மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் தண்ணீருக்குள் இறங்கினாள்.